தொடங்கியவர் நிறுத்தலாமா?

ஒருவர் நபிலான தொழுகை ஒன்றைத் தொடங்கி, இடையில் முறித்துவிட்டார். அதை மீட்டித் தொழும் கடமை அவர்மீது உண்டா, இல்லையா? மதரஸாவில் ஓதிய எவருக்கும் பழகிப்போன மஸ்அலா இது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வழிவந்தோர், தொடங்கிய அக்கணமே அது கட்டாயமாகிவிட்டது, ஆகவே முறித்தவர் மீட்டித் தொழ வேண்டும் என்பர். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் வழிவந்தோரோ, விருப்பத்தால் தொடங்கியது கடைசிவரை விருப்பமாகவே நிற்கும். ஹஜ்ஜும் உம்ராவும் நீங்கலாக, ஏனையவற்றை இடையில் விட்டவர்மீது பழி இல்லை என்பர். நம் கடற்கரை ஊர்களில் ஷாபிஈகளும் உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் ஹனபிகளும் மிகுதி. சென்னையில் இரு சாராரும் ஒரே ஸப்பில் தோளோடு தோள் நிற்கின்றனர். தியாகராய நகரில் நான் நடத்தும் மாலை வகுப்பிலும் அப்படியே. ஆண்டுதோறும் இந்தப் பாடம் வரும் நாளில் வகுப்பில் சற்றுக் கூச்சல் எழும். அதை நான் அடக்குவதில்லை.

இந்தப் பழைய மஸ்அலாவை மருந்தோடு சேர்த்து எண்ணும்படி என்னைச் செய்தவர் ஒரு தையற்காரர். ரங்கநாதன் தெருவைச் சுற்றியுள்ள கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். 2025 பிப்ரவரியில், ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு, இஷா முடிந்து யாவரும் கலைந்தபின் என்னிடம் வந்தார். பல ஆண்டுகளாக அவர் எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து உண்பவர் என்பது பள்ளிவாசலில் எனக்கு மட்டுமே தெரியும். முன்பு காலையும் இரவும் மாத்திரை உண்டு வந்த காலத்தில், நோன்பு வைக்கலாமா என்று கேட்டு வந்தபோதுதான் அதைச் சொல்லியிருந்தார். டாக்டரைக் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். ஸஹரில் ஒன்று, நோன்பு திறந்தபின் ஒன்று என்று டாக்டர் வகுத்துக் கொடுத்தார். இப்போது இரவில் ஒரே மாத்திரை. நோன்புக்கு யாதொரு இடையூறும் இல்லை. ஆகவே இம்முறை அவர் கேட்க வந்தது நோன்பைப் பற்றியன்று.

“ஹஜ்ரத், அமெரிக்கா மருந்தை நிறுத்திவிட்டதாம். ஆப்பிரிக்காவில் ஆஸ்பத்திரிக் கதவைப் பூட்டிவிட்டார்களாம். கொடுக்க ஆரம்பித்தவர்கள் இப்படி நிறுத்தலாமா? மார்க்கத்தில் அதற்கு என்ன சொல்லியிருக்கிறது?”

அன்று அவருக்கு நான் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. அன்றுமுதல் எண்ணியதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2003இல் ஜார்ஜ் புஷ் குடியரசுத் தலைவராக இருந்தபோது, வறிய நாடுகளில் எய்ட்ஸ் மருந்து வழங்க அமெரிக்கா ஒரு பெருந்திட்டம் தொடங்கிற்று. பெப்ஃபார் என்பது அதன் பெயர். சுமார் 2.5 கோடி உயிர்கள் அதனால் காக்கப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. 2025 ஜனவரி 20ஆம் நாள் பதவியேற்ற புதிய ஆட்சி, அன்றே அயல்நாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கும் ஆணையில் கையெழுத்திட்டது. சில நாட்களில் பல நாடுகளில் செவிலியர்களும் ஆலோசகர்களும் வேலையை விட்டு அனுப்பப்பட்டனர். உயிர்காக்கும் மருந்துக்கு விலக்கு உண்டு என்று பின்னர் அறிவிப்பு வந்தது. ஆனால் அதை எடுத்துக் கொடுக்கும் கைகள் பல இடங்களில் அதற்குள் கலைந்துவிட்டிருந்தன. அலமாரியில் இருக்கும் மருந்து தானாக நோயாளியிடம் நடந்து செல்லாது அன்றோ?

இம்மருந்தின் இயல்பையும் வாசக நேயர்கள் அறிந்திருத்தல் வேண்டும். காய்ச்சல் மருந்தைப் போல ஐந்து நாள் உண்டு விட்டுவிடுவதன்று இது. கிருமி உடலின் அணுக்களுக்குள் ஒளிந்து கிடக்கும். மருந்து உள்ளவரை அது பெருகாது. மருந்து நின்றால் சில வாரங்களில் மீண்டும் தலைதூக்கும். விட்டுவிட்டு உண்டால் கிருமி அம்மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு விலை கூடிய வேறு மருந்தைத் தேட வேண்டும். நாள் தவறாமல் உண்பவரோ ஏறத்தாழ முழு ஆயுளும் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், தாம்பத்தியத்தின் வழி அது மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. தாய்க்கு உரிய காலத்தில் மருந்து கிடைத்தால் குழந்தையும் பெரும்பாலும் தொற்றின்றிப் பிறக்கிறது. ஆக, இங்குக் கொடுப்பது என்பது ஒருமுறை நிகழும் செயல் அன்று. நேற்றுக் கொடுத்ததன் பயன், நாளையும் கொடுப்பதில் இருக்கிறது.

இந்நோயின் வரலாற்றில் நம் நகருக்கு ஒரு தனி இடம் உண்டு. இந்தியாவில் இத்தொற்று முதன்முதல் கண்டறியப்பட்டது இங்கேதான், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் பயின்ற நிர்மலா என்னும் மாணவியும் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட பெண்களிடம் பெற்ற இரத்த மாதிரிகளை வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தனர். ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. நம் நாட்டுக்கு அந்நோய் வராது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. 1993இல் சுனிதி சாலமன் தியாகராய நகரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது அடையாற்றுக்கு அப்பால், தரமணியில் உள்ள வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்துக்குச் சென்றது. அவ்வம்மையார் 2015 ஜூலையில் காலமானார்.

அவ்வாண்டுகளில் மருந்து இருந்தது. வாங்கும் சக்திதான் இல்லை. மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சைக்கு மேனாட்டில் ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். தாம்பரம் சானடோரியத்தில் காசநோய்க்கென எழுந்த அரசு மருத்துவமனை, வேறெங்கும் கதவு திறக்காத எய்ட்ஸ் நோயாளிகளை 1990களில் ஏற்றுக்கொண்டு, கையில் இருந்த சித்த மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தது. 2001 பிப்ரவரியில் பம்பாய் சிப்லா நிறுவனத்தின் தலைவர் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்புக்கு அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு! அவருடைய தந்தை குவாஜா அப்துல் ஹமீது 1935இல் நிறுவிய கம்பெனி அது. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தராத 1970ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் அன்று நடப்பில் இருந்ததால்தான் அது கைகூடிற்று. 2005இல் அச்சட்டம் மாறிவிட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசமாகக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கிற்று. தாம்பரம் அவற்றுள் ஒன்று. முதல் மருந்து பயன்படாமற் போனவர்களுக்கான இரண்டாம் வரிசை மருந்தும் 2008இல் தாம்பரத்திலும் பம்பாயிலும்தான் முதலில் தொடங்கியது. இன்று நாட்டில் தொற்றுடன் வாழ்வோர் சுமார் 25 லட்சம் என்றும், அவர்களுள் 16 லட்சத்துக்கு மேற்பட்டோர் மருந்து உண்கின்றனர் என்றும் மதிப்பிடப்படுகிறது.

“நமக்கும் நின்றுவிடுமா?” என்பதே தையற்காரரின் கேள்விக்குள் இருந்த கேள்வி. அதற்கு மட்டும் அன்று உறுதியாக விடை சொல்ல முடிந்தது. நம் நாட்டுத் திட்டம் பிறர் பணத்தில் நடப்பதன்று. 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரைக்கான ஐந்தாம் கட்டத்துக்கு மத்திய அரசே 15,471 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. அவர் முகம் சற்றுத் தெளிந்தது. ஆனால் முழு உண்மை அவ்வளவு எளிதன்று. 2017இல் குழந்தைகளுக்கான ஒரு மருந்துப் பாகு கிடைக்காமற் போய், பிள்ளைகளே பிரதமருக்குக் கடிதம் எழுதினர். அரசிடமிருந்து வரவேண்டிய தொகை தாமதமானதால் தயாரிப்பு நின்றதாகச் சொல்லப்பட்டது. நிறுத்தியது வேறு யாருமல்லர். 2001இல் உலகமே போற்றிய அதே சிப்லாதான். 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்துத் தொற்றுள்ளோர் டில்லியில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலக வாயிலில் ஒரு மாதத்துக்கும் மேலாக அமர்ந்திருந்தனர். பணம் இருந்தும் ஒப்பந்தப்புள்ளி தாமதித்தால், லாரி வராவிட்டால், மருந்தாளுநர் பணியிடம் காலியாகவே கிடந்தால், நோயாளிக்கு மருந்து நின்றது நின்றதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் இருந்த தம் வீட்டில் மாத்திரை டப்பாவும் போய்விட்டதென்றும், நான்கு நாள் மருந்தின்றி இருந்தேன் என்றும் தையற்காரர் சொன்னார். துணிமணி போனதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

கொடுப்பது தர்மம், தர்மத்தில் கட்டாயம் இல்லை, எனவே நிறுத்துவது கொடுப்பவர் விருப்பம் என்பது ஒரு வாதம். அமெரிக்காவில் அன்று ஒலித்த வாதமும் ஏறத்தாழ இதுவே. எம் வரிப்பணம், எம் விருப்பம். ஷாபிஈ மத்ஹபின் மாணவர் ஒருவர் இதைக் கேட்டால், நபில்தானே, முறித்தால் குற்றமில்லை என்று சொல்லக்கூடும். ஹனபி மாணவர், தொடங்கியதே கட்டாயமாக்கிற்று என்பார். அப்படியானால் ஒரு கோடி உயிர்களின் கதி, கொடுப்பவர் எந்த மத்ஹப் என்பதைப் பொறுத்துவிடுமா? இவ்விடத்தில்தான் நான் சில நாட்கள் சிக்கிக்கொண்டேன்.

சிக்கல் அவிழ்ந்தது வேறொரு பக்கத்தில். நோயாளிக்கு மருந்து செய்வதை நபில் என்று வைத்தது யார்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவின் கல்வி பற்றிய பகுதியில் மருத்துவத்தைப் பர்ளு கிபாயாவில் சேர்த்துள்ளார்கள். ஊரில் சிலர் செய்தால் ஏனையோர் பொறுப்பு நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும் கடமை அது. மார்க்கச் சட்டம் படிக்க நெருக்கித் தள்ளுகிறார்கள், மருத்துவம் படிக்க நம்மவர் ஒருவரையும் காணோமே என்று அவர்கள் தம் காலத்து ஆலிம்களைக் கடிந்துகொள்வதையும் அங்கே காணலாம். என் போன்றோர் அப்பக்கத்தைச் சற்று வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

பர்ளு கிபாயா என்றானபின் கேள்வியே மாறிவிடுகிறது. இமாம் தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்கள் ஜம்உல் ஜவாமிஃ என்னும் உஸூல் நூலில், பர்ளு கிபாயாவைத் தொடங்கியவர்மீது அது தனிக் கடமையாக நிலைபெற்றுவிடும் என்னும் கருத்தையே சரியானதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் அவர்கள்! இதை ஜனாஸா போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஆயினும் ஜனாஸாவில் ஏன் என்று எண்ணிப் பாருங்கள். குளிப்பாட்டத் தொடங்கியவர் மய்யித்தைப் பாதியில் விட்டுச் சென்றால், அவர் இருக்கிறார் என்று நம்பிக் கலைந்துபோன மற்றவர்கள் திரும்பி வரமாட்டார்கள். தொடங்கியவரின் இருப்பே பிறரை விலக்கிவிட்டது. மருந்தும் அவ்வாறே. ஒரு பெரிய கை இருபது ஆண்டுகள் கொடுத்துவந்தால், அந்நாட்டு அரசுகள் அந்த வரவை நம்பித் தம் கணக்கை எழுதிக்கொள்கின்றன. வேறு கைகள் ஒதுங்கிவிடுகின்றன. பெரிய கை விலகும் நாளில் அங்கே வேறு கை இல்லை. கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு எறிந்தவர், கை வலிக்கிறது என்று விட்டுவிட முடியாது. எறியாதிருந்தால் வேறு யாரேனும் எறிந்திருப்பார்கள். கை வலித்தால் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுப் போகட்டும். அதற்குத் தடை இல்லை. சக்திக்கு மீறிய சுமையை இறைவன் எவர்மீதும் வைப்பதில்லை.

மரத்தில் கட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. பில் கேட்ஸ் அறநிறுவனம் 2003இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் அவாஹன் என்ற தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, ஒருநாள் இதை அரசிடம் ஒப்படைப்போம் என்று முன்கூட்டியே சொல்லி, பின்னர் ஆண்டுக்கணக்கில் சிறுகச்சிறுக ஒப்படைத்தது. ஒப்படைப்பில் குறைகள் இல்லாமல் இல்லை. எனினும் திங்கட்கிழமை கையெழுத்திட்டுச் சில நாட்களில் கதவைப் பூட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. கட்டாமல் விடப்பட்ட கயிறுகளும் நம் நாட்டில் உண்டு. நோய் முற்றியவர்கள் சில நாள் தங்கிச் செல்லப் படுக்கைகளோடு நடந்துவந்த சமுதாயப் பராமரிப்பு மையங்கள் 2013 அளவில் கைவிடப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்தவை படுக்கை இல்லாத ஆதரவு மையங்கள்.

அரசின் கடமையைப் பற்றியும் ஒரு சொல். 2017இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடப்புக்கு வந்தது. தொற்றைக் காட்டி வேலையோ, பள்ளியோ, வீடோ மறுக்கலாகாது என்று அது விதிக்கிறது. மிக நல்லது. ஆனால் மருந்து வழங்குவதைச் சொல்லுமிடத்தில் “இயன்ற அளவு” என்று ஒரு சொல்லைச் செருகியிருக்கிறார்கள். தொற்றுள்ளோர் அமைப்புகள் அன்றே எதிர்த்தும் அது நீங்கவில்லை. நமக்கும் இயலுமை என்னும் சொல் புதிதன்று. ஹஜ்ஜுக்கு இஸ்திதாஅத் நிபந்தனை. ஆயினும் நம் சட்ட அறிஞர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. கட்டுச்சோறு எவ்வளவு, வாகனம் எது, வழியில் அச்சமின்மை எப்படி, திரும்பி வரும்வரை குடும்பத்துக்கு வைத்துச் செல்வது எவ்வளவு என்று அளந்து எழுதினார்கள். அளக்காத இயலுமை, கொடுக்க மனமில்லாதவருக்கு ஒளிவிடமாகும் என்பதை அறிந்திருந்தார்கள். நம் சட்டத்தில் அந்த அளவு இல்லை.

அரசையும் அமெரிக்காவையும் பேசி முடித்துவிட்டு நான் எழுந்துவிடலாம். அது நேர்மையாகாது. 1990களின் நடுவில், ஸனது பெற்று வெளியே வந்த புதிதில், இந்நகரின் ஒரு முஹல்லாவில் ஓர் இளைஞரின் ஜனாஸா வந்தது. பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்தார்கள். என்ன நோய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குளிப்பாட்ட யாரும் முன்வரவில்லை. உறையின் மேலேயே தயம்மும் செய்து கபனிட்டு எடுத்துச் சென்றார்கள். கையுறை அணிந்து, புண்ணை மூடிக் குளிப்பாட்டினால் ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்ததாகப் பின்னர் அறிந்தேன். பர்ளு கிபாயாவின் இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய நான் அக்கூட்டத்தில் வாய்மூடி நின்றேன். அந்த இளைஞரின் தாயார் வாசற்படியில் அமர்ந்து எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்மம் செய்யும் நம் வழக்கத்தையும் இங்கு எண்ணிப் பார்க்கிறேன். கட்டடத்துக்குக் கேட்டால் கொடுக்கிறோம். கல்வெட்டில் பெயர் வருகிறது. மாதந்தோறும் ஒரு செவிலியருக்குச் சம்பளம் கொடுங்கள் என்றால் யோசிக்கிறோம். சம்பளத்துக்கு எங்கே கல்வெட்டு? அமல்களில் இறைவனுக்கு மிக உவப்பானது, சிறிதாயினும் விடாமல் தொடர்வது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததைக் கடன்போல ஓதிவிட்டுக் கட்டடத்துக்கே போகிறோம். வக்பின் கருத்தே வேறு. மூலதனத்தைத் தொடாமல் அதன் விளைவை மட்டும் ஓயாது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவே அது வகுக்கப்பட்டது. கொடுத்தவர் மறைந்தபின்னும் அவருடைய வாரிசு “நிறுத்திவிட்டேன்” என்று சொல்ல முடியாது. மயிலாப்பூரிலும் இராயப்பேட்டையிலும் வக்புச் சொத்துகளைக் கடந்து நடக்கும்போதெல்லாம் இந்த நினைவு வருகிறது. அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையை 1958இல் நிறுவிய டாக்டர் கே.எஸ். சஞ்சீவி வேறொரு வழி கண்டார்: குடும்பங்கள் வருமானத்துக்கேற்ப ஆண்டுதோறும் சிறு சந்தா செலுத்திச் சிகிச்சை பெறும் முறை. எந்த வழியானாலும், நாளைய மருந்துக்கு இன்றே வழி செய்து வைத்த ஏற்பாடுகள் இவை.

ஜகாத்திலிருந்து செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹனபி மத்ஹபில் ஜகாத் ஏழையின் கையில் உடைமையாகச் சேர வேண்டும். செவிலியர் சம்பளத்துக்கோ கட்டடத்துக்கோ ஆகாது. ஆனால் மருந்து அரசு இலவசமாகத் தருகிறது. நோயாளிக்கு இல்லாதது பஸ் கட்டணமும், மருந்து வாங்கப் போகும் நாளில் இழக்கும் கூலியும், மாத்திரையைத் தாங்கும் அளவுக்கு வயிற்றில் சோறும். ஏழை நோயாளியின் கையில் இவற்றுக்காகக் கொடுக்க எந்த மத்ஹபும் தடை சொல்லவில்லை. பெயர் கேளாமல், காரணம் கேளாமல் கொடுக்க வேண்டும் என்பதே கடினம். நம் கமிட்டிகள் காரணம் கேட்டே பழகியவை.

ரமளான் முழுவதும் தையற்காரர் தராவீஹுக்கு வந்தார். இஷாவுக்கு முன் ஹவ்ளின் ஓரம் நின்று மாத்திரை விழுங்குவார். அவர் டப்பா குலுங்கினாலும் ஓசை வராது. உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருக்கிறார். இருபது பேர் தூங்கும் தையல் அறையில் அந்த ஓசை போதும் என்றார்.

பெருநாளுக்குப் பிறகு ஒருநாள் அவருக்கு என் விடையைச் சொன்னேன். தொடங்கியவர் நிறுத்தலாகாது, முடியாவிட்டால் வேறு கையில் ஒப்படைத்த பின்னரே விலகலாம், அது வரை அது அவர்மீது தனிக் கடமை என்றேன். ஸுப்கீயின் பெயரையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, பல நாள் மனத்தில் வைத்திருந்ததைக் கேட்பவர் போல, “ஹஜ்ரத், என் மய்யித்தைக் குளிப்பாட்டுவார்களா?” என்றார்.

“நானே குளிப்பாட்டுகிறேன்” என்றேன்.

அவர் சிரித்தார். என் வயதும் என் சர்க்கரையும் அவருக்குத் தெரியும். “மருந்து நிற்காமல் இருந்தால் உங்களுக்குப் பிறகும் நான் இருப்பேனே ஹஜ்ரத். அப்போது யார்?”

அதை நான் எண்ணியிருக்கவில்லை. மறுநாள் மாலை வகுப்பு முடிந்ததும், மாணவர்களுள் இருவரை, ஒருவர் ஹனபி, ஒருவர் ஷாபிஈ, இருக்கச் சொன்னேன்.